ஓன் போர்டு காரில் வேலைக்கு ஓட்டம்: இன்சூரன்ஸ் எது வரை செல்லும்?

கார் பாலிசியில் பலரும் படிக்காமல் விடும் ஒரு பத்தி உண்டு. ‘லிமிடேஷன்ஸ் ஆஸ் டு யூஸ்’, அதாவது காரை எதற்கெல்லாம் ஓட்டக் கூடாது என்ற வரம்பு. தனியார் கார் பாலிசியில் அது மிகச் சுருக்கம்: வாடகைக்கு ஓட்டக் கூடாது, சாம்பிளும் சொந்த லக்கேஜும் தவிர வேறு சரக்கு ஏற்றக் கூடாது, பந்தயம், வேகச் சோதனை, வாகன வியாபாரம் சார்ந்த ஓட்டம் கூடாது. இவை போக மற்ற ஓட்டம் எல்லாம் செல்லும்.

ஆகவே மருந்துக் கம்பெனி ரெப் தன் காரில் சாம்பிள் பையோடு நாலு ஊர் சுற்றினாலும், பொறியாளர் தினமும் சைட்டுக்குப் போய் வந்தாலும் சாதாரண பாலிசியே போதும். கம்பெனி கிலோமீட்டர் கணக்கில் பெட்ரோல் படி கொடுப்பதால் மட்டும் அது வாடகை ஓட்டம் ஆகிவிடாது. அதே ரெப் பின் சீட்டை மடக்கி, கடைகளுக்கு டெலிவரி செய்ய மருந்துப் பெட்டிகளை அடுக்கினால் கதை மாறுகிறது. அது சாம்பிள் இல்லை, சரக்கு. அதுபோல ஓன் போர்டு காரை, அதாவது சொந்த உபயோகத்துக்கென்று பதிவான காரை, ஒரு ஆபீசுக்கு மாத வாடகை பேசி விடுவதும் வாடகைதான். ‘ஒரே பார்ட்டிதான், தெரிந்தவர்கள்தான்’ என்ற சமாதானம் கிளெய்மில் எடுபடாது.

வரம்பை மீறி ஓட்டி விபத்து நடந்தால் இரண்டு பக்கமும் அடி விழும். அடிபட்டவருக்குத் தரவேண்டிய இழப்பீட்டில், பெர்மிட் இல்லாத வாகனம் வாடகைக்கு ஓடியது என்பதை மோட்டார் வாகனச் சட்டம் 150ஆவது பிரிவின்படி இன்சூரன்ஸ் கம்பெனி தற்காப்பாக எடுத்து வைக்கலாம். பல வழக்குகளில் தீர்ப்பாயம் ‘பே அண்ட் ரெக்கவர்’ என்று உத்தரவிடும். கம்பெனி முதலில் பணத்தைக் கட்டும், பிறகு கார் உரிமையாளரிடம் வசூலிக்கும். லட்சக்கணக்கில் வரும் அந்தத் தொகை வீட்டையே அசைத்துவிடும். நம் கார் சேதத்துக்கான கிளெய்மையும் நிராகரிக்கக் கூடும். வாடகைக்குப் போன தனியார் கார் ஒன்றின் வழக்கில், முழுவதும் மறுக்காமல் ஒரு பகுதியைத் தரலாம் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அதைப் பெற நுகர்வோர் ஆணையத்துக்கு நடக்க வேண்டியிருக்கும். பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டியதற்கு 192ஏ பிரிவில் முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம் தனி.

ஓன் போர்டிலேயே ஓட்டிவிடலாம் என்ற ஆசை எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிந்ததுதான். 2022 ஜூன் 1 முதல் அமலான கட்டணப்படி, 1000 சிசிக்கு மேல் 1500 சிசி வரையிலான தனியார் காருக்கு ஓராண்டு தேர்டு பார்ட்டி பிரீமியம் 3,416 ரூபாய். அதே அளவு இன்ஜின் உள்ள டாக்சிக்கு 7,940 ரூபாயும், பயணி ஒருவருக்கு 978 ரூபாயும். டிரைவர் நீங்கலாக 4 பேர் என்றால் 11,852 ரூபாய். இரண்டிலும் வரி சேர்க்கவில்லை. வித்தியாசம் மாதத்துக்கு சுமார் 700 ரூபாய். எடுக்கும் அபாயத்தோடு ஒப்பிட்டால் இந்த மிச்சம் பெரிய மிச்சமில்லை.

சரியான பாலிசி இருந்தும் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு: ஸ்டியரிங்கில் இருப்பவருக்கான கவர். கட்டாயத் தனிநபர் விபத்துக் கவர் 15 லட்சம் ரூபாய். ஆனால் அது ‘ஓனர்-டிரைவர்’ ஒருவருக்குத்தான். பாலிசி வாசகப்படி அவர் பெயர் ஆர்.சி.யிலும் பாலிசியிலும் இருக்க வேண்டும், செல்லுபடியாகும் லைசன்ஸும் வேண்டும். கார் மனைவி பெயரில், தினமும் ஓட்டுவது கணவர் என்றால், அவர் இந்த வாசகத்துக்குள் வரமாட்டார். கார் கம்பெனி பெயரில் இருந்தால் இந்தக் கவரே கிடையாது. இப்படிப்பட்டவர்கள் தங்கள் பெயரிலேயே தனியாக ஒரு விபத்து பாலிசி எடுத்துக்கொள்வது நல்லது.

சம்பளத்துக்கு டிரைவர் வைத்திருப்பவர்கள், ஆக்டிங் டிரைவரைக் கூப்பிடுபவர்கள் பாலிசி ஷெட்யூலில் ‘லீகல் லயபிலிட்டி டு பெய்ட் டிரைவர்’ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். பாலிசியோடு சேர்க்கும் இந்தக் கூடுதல் பிரிவின் எண் ஐஎம்டி 28, ஒருவருக்கு 50 ரூபாய். டிரைவருக்கு வேலையில் விபத்து நேர்ந்தால் முதலாளி சட்டப்படி தரவேண்டிய இழப்பீட்டை இது ஏற்கும். காரில் போகும் மற்ற ஊழியர்களுக்கு ஐஎம்டி 29, அதுவும் தலைக்கு 50 ரூபாய். ஆன்லைனில் பிரீமியத்தைக் குறைக்கப் பார்க்கும்போது முதலில் டிக் எடுக்கப்படுவது இந்த 50 ரூபாய்தான்!

பேட்ஜ், அதாவது டாக்சி போன்ற போக்குவரத்து வாகனம் ஓட்ட லைசன்ஸில் வாங்கும் கூடுதல் அனுமதி, பற்றிய பயம் இப்போது வேண்டாம். மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனத்தை எல்.எம்.வி. (இலகுரக வாகன) லைசன்ஸ் உள்ளவரே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் அமர்வு உறுதி செய்தது. லைசன்ஸ் காலாவதியாகாமல் பார்த்துக்கொண்டால் சரி.

வாடகைக்கு விடுவது என்று முடிவு செய்துவிட்டால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யை டி போர்டுக்கு (டாக்சி பதிவுக்கு) மாற்றி, எஃப்.சி. என்ற தகுதிச் சான்றும் பெர்மிட்டும் வாங்க வேண்டும். கடன் பாக்கி இருந்தால் பைனான்ஸ் கம்பெனியின் என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) இல்லாமல் மனு நகராது. ஆர்.சி. மாறியதும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, பயணிகள் வாகனப் பாலிசியைக் கையில் வாங்கிய பிறகே முதல் சவாரி எடுங்கள். மஞ்சள் போர்டை மாட்டிக்கொண்டு பழைய தனியார் பாலிசியோடு ‘ரினீவல் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஓட்டினால், விபத்து நடந்த அன்று ஆர்.சி. ஒன்று சொல்லும், பாலிசி வேறொன்று சொல்லும். சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் முதலில் ஒப்பிட்டுப் பார்ப்பது அந்த இரண்டு தாள்களைத்தான்.