பெர்சனல் இன்ஜுரி லாயர்: தமிழ்ல சரியா எப்படிச் சொல்றது?

நெட்ல தேடினா "தனிப்பட்ட காயம் வழக்கறிஞர்"னு வருது. மெஷின் மொழிபெயர்த்துப் போட்ட சொல்லு அது, நிறைய பேரு அதையே காப்பி பண்ணி எழுதிட்டிருக்காங்க, ஆனா தப்பு. காயத்துல தனிப்பட்ட காயம், பொதுவான காயம்னு எங்கங்க இருக்கு? இங்க பெர்சனல்னா ஆள் சம்பந்தப்பட்டது, அதாவது உடம்புக்கும் மனசுக்கும் வந்த பாதிப்பு. பைக் நசுங்கினா ப்ராப்பர்ட்டி டேமேஜ், ஓட்டினவர் கால் உடைஞ்சா பெர்சனல் இன்ஜுரி, அவ்ளோதான்.

இன்ஜுரிக்கு மூலம் லத்தீன் "இனியூரியா". "யூஸ்"னா உரிமை, சட்டம், அதுக்கு முன்னாடி "இன்" சேர்ந்தா அது மீறப்பட்டதுன்னு ஆகும், அதனால அநீதிங்கறதுதான் பழைய பொருள், புண்ணு, காயம்லாம் பின்னாடி வந்து ஒட்டினது. கோர்ட்ல இன்னிக்கும் அந்தப் பழைய பொருள்தான் வேலை செய்யுது. நீங்களா கால் தடுக்கி விழுந்தா கேஸ் இல்ல, கடைக்காரர் ஈரத்தரைய துடைக்காம ஒரு போர்டும் வைக்காம விட்டு அதுல வழுக்கி விழுந்தீங்கன்னா கேஸ் இருக்கு. இந்தச் சட்டப் பிரிவுக்கு டார்ட்னு பேரு, தமிழ் சட்டப் புத்தகங்கள்ல தீங்கியல்னு போடுவாங்க.

அதனால என் ஓட்டு "தீங்கு இழப்பீட்டு வழக்கறிஞர்"க்குத்தான். ரோடு ஆக்சிடென்ட் மட்டும்னா "விபத்து இழப்பீட்டு வக்கீல்" போதும், ஆனா டாக்டர் கவனக்குறைவுல வந்த பாதிப்பு அதுல அடங்காது.

பெர்சனல் இன்ஜுரி லாயர்ங்கறது அமெரிக்காவுல புழங்குற பேரு. அங்க டிகிரி முடிச்சு 3 வருஷம் ஜே.டி.ங்கற சட்டப் படிப்பு படிச்சு, அந்த ஸ்டேட்டோட பார் எக்ஸாம் பாஸ் பண்ணணும். 1977ல பேட்ஸ் வழக்குல அவங்க சுப்ரீம் கோர்ட் வக்கீல் விளம்பரத்துக்கு வழி விட்டுச்சு, அதுக்கப்புறம்தான் டிவி, ரோட்டோர போர்டுன்னு இந்தப் பேரு பரவுச்சு. ஜெயிச்சா பெரும்பாலும் மூணுல ஒரு பங்கு ஃபீஸ், தோத்தா வக்கீல் ஃபீஸ் கிடையாது. இந்தியாவுல பார் கவுன்சில் விதிப்படி விளம்பரமும் கூடாது, ஜெயிச்சா இத்தனை பங்குன்னு பேசவும் கூடாது. நம்ம கோர்ட் வளாகத்துல "எம்.சி.ஓ.பி. (வண்டி விபத்து இழப்பீட்டு மனு) பாக்குற வக்கீல்"னு சொன்னாத்தான் புரியும். அவங்களுக்குன்னு தனிப் படிப்பு இல்ல, 3 வருஷமோ 5 வருஷமோ சட்டம் படிச்சு, பார் கவுன்சில்ல பதிஞ்சு, அகில இந்திய பார் தேர்வு எழுதி, ஒரு சீனியர்கிட்ட ஜூனியரா இருந்துதான் தொழில் கத்துக்கறாங்க.

தொழிலோட நுணுக்கம் ஊன சதவீதத்துல இருக்கு. இடது கை போன கிளார்க் தொடர்ந்து வேலைக்குப் போகலாம், அதே கை போன டிரைவருக்கோ தச்சருக்கோ சம்பாத்தியமே போயிடும்னு 2010ல ராஜ்குமார் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு, அதனால டாக்டர் எழுதித் தர்ற சதவீதம் வேற, வருமானத்துல விழுற அடி வேற. வயசு 28, மாசம் 15,000 ரூபா சம்பாதிக்கிறவர்னு வைங்க. வருமான இழப்பு 30 சதவீதம்னா வருஷத்துக்கு 54,000, அத பெருக்க அந்த வயசுக்குன்னு கோர்ட் வச்சிருக்கிற எண், அதாவது பெருக்கி, 17, ஆக 9,18,000 ரூபா. அதே ஆளுக்கு 60 சதவீதம்னு வக்கீல் நிரூபிச்சா 18,36,000. ஆஸ்பத்திரி செலவு, வலி வேதனைக்கெல்லாம் தனியா சேரும்.