குளிர்ந்த குழாய் வியர்க்கும்

பினாங்கில் ஒரு பல்கலைக்கழக இயற்பியல் துறையில் கருவிகளைப் பராமரிப்பது என் வேலை. நீண்ட விடுமுறை முடிந்து கதவைத் திறக்கும்போதெல்லாம் வயிறு கொஞ்சம் கலங்கும். ஒரு தைப்பூசத்துக்குப் பிறகு, தண்ணீர்மலை ஏறி இறங்கிய கால்வலியோடு போய்த் திறந்தேன். லேசரைக் குளிர்விக்கும் சில்லரின் குழாய் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். அது சொட்டியதோ, நேர் கீழே இருந்த மின்வழங்கியின் தலையில்.

குழாயில் ஓட்டை இல்லை. விடுமுறை என்று கட்டடத்தின் ஏர்கோனை நிறுத்திவிட்டார்கள். சில்லர் மட்டும் 18 டிகிரியில் ஓடிக்கொண்டிருந்தது. அறை 22 டிகிரி, ஈரப்பதம் 60 விழுக்காடு என்றால் 14 டிகிரிக்குக் கீழே போகும் பொருள்தான் வியர்க்கும். ஏர்கோன் நின்று அறை 28 டிகிரி, 80 விழுக்காடு ஆகிவிட்டால் அந்தப் பனிநிலை 24க்கு ஏறிவிடும். அப்போது 18 டிகிரிக் குழாய் என்ன செய்யும்? கோப்பி ஐஸ் டம்ளர் செய்வதைத்தான் செய்யும். மின்வழங்கியைப் போட்டுப் பார்க்கலாமா என்று ஒரு தம்பி கேட்டார். பிளக்கைக் கழற்றி, இரண்டு நாள் காய வைத்த பிறகுதான் கை வைத்தோம். இப்போது ஏர்கோன் நின்றால் சில்லரும் தானே நிற்கும்படி இணைத்திருக்கிறோம். முன்பே செய்திருக்க வேண்டிய வேலை.

வெற்றிடக் கலத்திலும் இதே தொல்லைதான். திறந்து வைத்தால் நம் ஊர்க் காற்றின் ஈரம் உள்சுவரில் ஒட்டிக்கொள்ளும். பிறகு பம்ப் எவ்வளவு இழுத்தாலும் அது மெதுவாகத்தான் கழன்று வரும். அதனால் கலத்தைத் திறக்கும்போது உலர்ந்த நைட்ரஜன் வாயுவை உள்ளே நிரப்பித் திறங்கள். வேலை முடிந்ததும் உடனே மூடுங்கள். கலத்தின் காற்றை இழுக்கும் ரோட்டரி பம்பின் எண்ணெய் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் அதில் தண்ணீர் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். பம்புக்குள் கொஞ்சம் காற்றை விடும் கேஸ் பலாஸ்ட் வால்வைத் திறந்து கொஞ்ச நேரம் ஓட விட்டால் பெரும்பாலும் தெளியும். தெளியாவிட்டால் எண்ணெயை மாற்றுங்கள், சிக்கனம் பார்க்காதீர்கள்.

இதெல்லாம் பணத்தோடு போகும். உயிரோடு விளையாடுவது திரவ நைட்ரஜன்.

கொதிநிலை மைனஸ் 196 டிகிரி. தோலைச் சுடும் என்பது எல்லாருக்கும் தெரியும், கையுறையும் போடுகிறார்கள். ஆனால் ஊற்றும்போது எழும் வெள்ளைப் புகைதான் நைட்ரஜன் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது நம் காற்றிலிருக்கும் ஈரம், குளிர்ந்து மூடுபனியாகிறது. நைட்ரஜன் கண்ணுக்கே தெரியாது. புகை கலைந்துவிட்டது, ஆபத்து போய்விட்டது என்று கணக்குப் போடக்கூடாது. ஒரு லிட்டர் திரவம் சுமார் 700 லிட்டர் வாயுவாகி, அறையிலிருக்கும் காற்றைத் தள்ளிவிடும். ஆக்சிஜன் குறைந்தால் மூச்சு முட்டும் என்றும் நம்ப வேண்டாம். முட்டவைப்பது உடம்பில் சேரும் கரியமில வாயு. இங்கே அது வழக்கம்போல வெளியேறிக்கொண்டே இருக்கும். ஆள் சத்தமில்லாமல் விழுந்துவிடுவார்.

அதனால்தான் லிஃப்டில் திரவ நைட்ரஜன் கலனோடு ஆள் ஏறக்கூடாது. கீழே ஒருவர் ஏற்றிவிட வேண்டும், மேலே ஒருவர் இறக்க வேண்டும், நடுவில் யாரும் ஏறாதபடி கலனின் மேல் அறிவிப்புப் பலகை இருக்க வேண்டும். "அண்ணே, மூன்று மாடிதானே" என்பார்கள். லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் மூன்று மாடியும் முப்பது மாடியும் ஒன்றுதான்.

இன்னொன்று, கலனின் கழுத்து. அதற்கென்று வந்த தளர்வான மூடியை விட்டுவிட்டுத் திறந்தே போட்டால், ஈரம் உள்ளே இறங்கிப் பனிக்கட்டியாகிக் கழுத்தை அடைத்துவிடும். உள்ளே வாயு பெருகிக்கொண்டே இருக்கும், வெளியேற வழி இருக்காது. ஒருமுறை ஒரு மாணவி துணியைத் திணித்து வைத்திருந்தார், நல்ல எண்ணத்தில்தான். அதுவும் ஈரம் குடித்து உறைந்து இறுகிவிடும். இறுக்கமாகவும் மூடாதீர்கள், துணியும் வேண்டாம். ஏற்கெனவே அடைத்திருந்தால் குத்திப் பார்க்காமல் ஆட்களை வெளியேற்றிவிட்டுப் பாதுகாப்பு அதிகாரியைக் கூப்பிடுங்கள்.

அப்புறம் அதே மாணவியின் வெற்றிடக் கலம். மூன்று வாரம் அழுத்தம் இறங்கவே இல்லை. ஈரம்தான் காரணம் என்று நானும் அடித்துச் சொல்லிவிட்டேன், சூடேற்றிக்கூடப் பார்த்தோம். கடைசியில், கலத்தின் மூடியைக் காற்றுப் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கின் குறுக்கே ஒற்றைத் தலைமுடி கிடந்தது. நரைமுடி. அந்த அறையில் நரைத்த தலை என்னுடையது மட்டும்தான். எடுத்துப் போட்டு மறுபடி மூடினோம். மறுநாள் காலை அளவி ஒரு மில்லிபாரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைக் காட்டியது. மாணவி பதிவேட்டில் தேதியும் அளவும் எழுதி, பக்கத்திலேயே அந்த முடியை டேப் போட்டு ஒட்டிவிட்டார். தே தாரிக் செலவு என்னுடையது.