ஊருணி பச்சையாவதற்கு முன்னால்

காலை ஐந்தரை மணிக்கு மீன் குத்தகைக்காரர் யாராவது போன் செய்தால், எடுக்கும் முன்பே விஷயம் தெரிந்துவிடும். "சார், கண்மாய்ல மீனெல்லாம் மேல வந்து வாயைப் பொளக்குது. எவனோ மருந்தக் கலந்துட்டான்." காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் தண்ணீர்ப் பரிசோதனைதான் என் பிழைப்பு. போய்ப் பார்த்தால் பெரும்பாலும் மருந்தும் இருக்காது, கலந்தவனும் இருக்க மாட்டான். பாசி பெருத்த தண்ணீரில் பகலெல்லாம் ஆக்சிஜன் நிறைந்திருக்கும். ராத்திரி அதே பாசி சுவாசித்து அதைத் தீர்த்துவிடும். விடியும் நேரத்தில்தான் அளவு அடிமட்டத்துக்கு இறங்கும். அதனால்தான் இந்த போன் மத்தியானத்தில் வருவதில்லை.

மீன் மிதப்பது கடைசிக் காட்சி. நாடகம் ஆரம்பித்து மாதக்கணக்கு ஆகியிருக்கும். அதை முதலில் சொல்வது கண்ணுக்குச் சட்டென்று தெரியாத மிதவை உயிரிகள்.

பார்ப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம். ஒரு வாளித் தண்ணீரை மெல்லிய வலைத்துணியில் ஊற்றி, தங்கியதைக் கண்ணாடிப் பாட்டிலில் கழுவி விட்டு, வெயிலுக்கு நேரே பிடித்தால் போதும். நல்ல ஊருணியில் மார்கழி மாதம் எடுத்த பாட்டிலில் கடுகில் பாதி அளவுக்குப் புள்ளிகள் விட்டு விட்டுத் துள்ளும். அவை நீர்த்தெள்ளுகள்: டாப்னியா, மொய்னா வகையறா. நூல் இழுத்தாற்போல் வெட்டி வெட்டிப் பாய்வது சைக்ளோப்ஸ். (ஒரு காலத்தில் நரம்புச் சிலந்தி நோயைச் சுமந்தது இதுதான். துணியில் வடிகட்டிக் குடிக்கப் பழகியதும் அந்த நோய் ஒழிய ஒரு காரணம். 2000-ல் இந்தியா அந்த நோய் இல்லாத நாடு என்று சான்று பெற்றது.) லென்ஸ் வைத்தால் தெள்ளின் உடம்பு கண்ணாடி போலிருக்கும். இதயம் துடிப்பது தெரியும், முதுகுப் பையில் முட்டை தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன் பள்ளத்தூர்ப் பக்கம் ஓர் ஊருணியில் மாசி மாதம் எடுத்த தெள்ளுகள் இளஞ்சிவப்பாக இருந்தன. தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தால் இவை நம்மைப் போலவே ஹீமோகுளோபினைக் கூட்டிக்கொள்ளும், அந்தச் சிவப்புதான் அது. தண்ணீர் அப்போது தெளிவாகத்தான் இருந்தது. படித்துறையில் குளித்துக்கொண்டும் இருந்தார்கள்.

எங்கிருந்து வந்தது கோளாறு? செட்டிநாட்டில் வீதி வாய்க்கால்களின் வாட்டமே மழைநீரை ஊருணிக்குக் கொண்டு சேர்ப்பதற்காக அமைத்தது. ஓட்டுக்கூரைத் தண்ணீர் வளவில் (வீட்டு உள்முற்றத்தில்) விழுந்து, வாய்க்காலில் ஓடி, வரத்துக்காலில் போய்ச் சேரும். அதே வாட்டத்தில் இன்று குளியலறைத் தண்ணீர், சோப்பு நுரை, சில இடத்தில் கழிவறைத் தண்ணீரும் போகிறது. கட்டியவர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்கள் போட்ட கணக்கு மழைக்கு. சோப்புத்தூளிலும் சாக்கடையிலும் உள்ள பாஸ்பரஸ் பாசிக்குப் போடும் உரம்.

உரம் விழுந்தவுடன் ஊருணி பச்சையாகிவிடாது. தெள்ளுகள் பாசியை வடிகட்டித் தின்று தாக்குப்பிடிக்கும். அவை போய்விட்டால்தான் ஆபத்து. அங்கேதான் நானும் ஒரு தப்புச் செய்தேன். கொசு அதிகம் என்று ஊரில் சொன்னார்கள், கம்பூசியா மீன் விடலாமா என்று கேட்டார்கள், சரி என்று தலையாட்டினேன். கம்பூசியா கொசுப்புழுவை மட்டும் தேடித் தின்னாது, தெள்ளுகளும் அதற்குத் தீனிதான். பங்குனியில் பாட்டிலைப் பிடித்தால் துள்ளல் ஒன்றுகூட இல்லை. நுண்ணோக்கியில் பிராக்கியோனஸ் என்கிற சக்கர உயிரிகள் மட்டும் மொய்த்தன. உரம் மிகுந்த தண்ணீருக்கு அவை பழகிய அடையாளம். பெரிய பாசித் திரளைத் தின்ன அவற்றின் வாய் போதாது. சித்திரை வெயிலில் ஊருணி பச்சை பெயின்ட் கொட்டியது மாதிரி ஆனது.

பச்சையெல்லாம் கெட்டதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தில், தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காமல் ஊர்க்காரர்கள் காக்கும் பறவைகளின் எச்சம் விழுந்து தண்ணீர் நிறம் மாறினாலும், வயலுக்கு அது உரம். செந்நிறப் படலம் படர்ந்து, பொழுது சாய்ந்ததும் பச்சைக்கு மாறினால் அது பெரும்பாலும் யூக்ளினா என்கிற நுண்ணுயிர், ரத்தமும் இல்லை, தெய்வக் குற்றமும் இல்லை. கவனிக்க வேண்டியது மைக்ரோசிஸ்டிஸ் போன்ற நீலப்பச்சைப் பாசியை. ஒரு பாட்டிலில் தண்ணீரைப் பிடித்து ராத்திரி அசைக்காமல் வையுங்கள். காலையில் பச்சை மேலே ஏடாகக் கட்டியிருந்தால் அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். உள்ளே காற்றுப்பை இருப்பதால் மிதக்கும். அந்தத் தண்ணீரை ஆடுமாடுகூடக் குடிக்க விடாதீர்கள். அதன் நஞ்சு கொதிக்க வைத்தால் போகாது. குடிநீரில் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம்தான் உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வழிகாட்டு அளவு.

இந்த நிலையில் யாராவது மயில்துத்தம் (தாமிர சல்பேட்) வாங்கி வந்துவிடுவார்கள். பாசி ஒரே நாளில் சாகும், உண்மைதான். செத்த பாசி உடைந்து நஞ்சு தண்ணீருக்கே வரும், அது அழுகும்போது மிச்ச ஆக்சிஜனும் போகும். தாமிரத்துக்கு மீனைவிட முதலில் சாவது தெள்ளுகள். அடுத்த பாசிக்கு ஊருணியைச் சுத்தமாகத் துடைத்துக் கொடுத்தாற்போல ஆகும்.

அப்புறம் ஜேசிபி. தூர்வாருவதற்கு நான் எதிரி இல்லை, உரம் ஏறிய சேறு போகத்தான் வேண்டும். நம் கண்மாய்கள் கோடையில் வற்றுவதும் புதிதில்லை. கஷ்டகாலம் நெருங்கினால் தெள்ளுகள் ஆண் குஞ்சுகளையும் பெற்று, சேணம் போன்ற கறுப்பு உறைக்குள் முட்டையை வைத்துச் சேற்றில் விட்டுவிடும். வருஷக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் மழை விழுந்தால் பொரியும். மேல் அரையடிச் சேற்றை மூலைமுடுக்கு விடாமல் வழித்து லாரியில் ஏற்றினால் அந்த விதையும் போய்விடும். வரத்துக்காலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு மூலையைத் தொடாமல் விடச் சொல்கிறேன். சாக்கடையைத் திருப்பாமல் இதை மட்டும் செய்தால் பிரயோஜனம் இல்லை என்றும் சேர்த்துச் சொல்கிறேன், அதுதான் காதில் விழுவதில்லை.

அந்த ஊருணியை ஆடியில் வாரினார்கள். கெஞ்சி ஒரு கூடை மேல்சேறு வாங்கி வைத்திருந்தேன். ஐப்பசி முதல் மழையில், படித்துறைக்கு எதிர்வீட்டுத் திண்ணையோரம் ஒரு தொட்டியில் அதைப் போட்டு மழைநீர் ஊற்றினேன். ஆறாம் நாள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது அந்த வீட்டு ஆச்சி வந்து நின்றார்கள்.

"என்ன தம்பி, காலையிலேருந்து இந்தத் தூசியவா பாத்துக்கிட்டு இருக்கீக?"

லென்ஸைக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்தார்கள்.

"அட, துள்ளுதுல்ல!"