எட்டாத சிப்பாயை எட்டிப் பிடிக்கும் ராஜா

சதுரங்கப் பலகையில் நான்கே காய்கள். (கட்டத்தின் பெயரில் எழுத்து நிரலையும் எண் வரிசையையும் குறிக்கும்.) வெள்ளை ராஜா எச்8 மூலையில், அதன் சிப்பாய் சி6-இல். கறுப்பு ராஜா ஏ6-இல், கறுப்புச் சிப்பாய் எச்5-இல். வெள்ளை முதலில் ஆடி, ஆட்டத்தை டிரா, அதாவது சமன், செய்ய வேண்டும். சதுரங்க வீரர் ரிச்சர்ட் ரெட்டி 1921-இல் வெளியிட்ட புதிர் இது. ஒரே ஒரு சதுரங்கப் புதிரைத்தான் காட்டலாம் என்றால் நான் இதைத்தான் காட்டுவேன்.

பார்த்தவுடன் யாரும் ‘வெள்ளை தோற்றது’ என்றுதான் சொல்வார்கள். கறுப்புச் சிப்பாய் கடைசி வரிசையை எட்டி ராணியாக நான்கு நகர்வு போதும். வெள்ளை ராஜா நேராகத் துரத்தினால் இரண்டு நகர்வு பிந்திவிடும். தன் சிப்பாயைக் காப்பாற்றலாம் என்றால் அதுவும் தூரத்தில் இருக்கிறது. கறுப்பு ராஜா இரண்டே நகர்வில் அதை வெட்டிவிடும்.

இங்கே நம்மை ஏமாற்றுவது நம் கண்தான். தரையில் குறுக்கே சுற்றிப் போனால் தூரம் கூடும். ராஜாவுக்கு அப்படி இல்லை. பக்கவாட்டிலோ மேல்கீழாகவோ குறுக்காகவோ, எந்தத் திசையில் ஒரு கட்டம் போனாலும் அதற்கு ஒரு நகர்வுதான். இ1-இலிருந்து இ7-க்கு நேராகப் போனால் ஆறு நகர்வு. எஃப்2, ஜி3 வழியாகப் பலகையின் ஓரத்தில் எச்4 வரை ஒதுங்கி, ஜி5, எஃப்6 வழியாகத் திரும்பி வந்தாலும் அதே ஆறுதான்! வரிசையில் எத்தனை கட்டம், நிரலில் எத்தனை கட்டம் என்று எண்ணி, இரண்டில் பெரியதை எடுத்தால் அதுவே ராஜாவின் தூரம். கணிதத்தில் இதற்குச் செபிஷேவ் தொலைவு என்று பெயர்.

ஆகவே வெள்ளை ராஜா குறுக்காக இறங்குகிறது: ஜி7. கறுப்புச் சிப்பாய் எச்4. ராஜா எஃப்6. இப்போது ஒவ்வொரு அடியும் இரண்டு வேலை செய்கிறது. எதிரியின் சிப்பாயையும் நெருங்குகிறது, தன் சிப்பாயையும் நெருங்குகிறது. கறுப்பு உடனே எச்3 என்று ஓடினால் வெள்ளை ராஜா இ7, கறுப்புச் சிப்பாய் எச்2, வெள்ளைச் சிப்பாய் சி7, கறுப்பு ராஜா பி7, வெள்ளை ராஜா டி7. இரண்டு சிப்பாய்களும் ராணியாகின்றன, டிரா.

கறுப்பு அதைத் தடுக்க ராஜாவை பி6-க்குக் கொண்டுவருகிறது. அதற்கு வெள்ளையின் பதில் ராஜா இ5. புதிரின் உயிரே இந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது. கறுப்பு சி6 சிப்பாயை வெட்டினால், அந்த ஒரு நகர்வில் வெள்ளை ராஜா எஃப்4-க்கு வந்துவிடும். கறுப்புச் சிப்பாய் எச்3, வெள்ளை ராஜா ஜி3, சிப்பாய் எச்2, அடுத்து சிப்பாய் காலி. வெட்டாமல் எச்3 என்று ஓடினாலோ ராஜா டி6. பிறகு எச்2, சி7, பி7, டி7 என்று முன்பு பார்த்த அதே முடிவு. பிந்தியிருந்த இரண்டு நகர்வுகளும் எங்கிருந்தோ வரவில்லை. ஒன்று கறுப்பு ராஜா பி6-க்கு வந்தபோது கிடைத்தது, மற்றொன்று அது சிப்பாயை வெட்டும்போது கிடைப்பது.

ஏழு காய்கள் வரையிலான எல்லா நிலைகளையும் கணினிகள் இறுதியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு அட்டவணையாகவே வைத்திருக்கின்றன. அவற்றுக்கு இது புதிரே அல்ல. ஆனால் ‘டிரா’ என்று சொல்லும் அட்டவணை, ஏன் என்று சொல்வதில்லை.

இந்த உத்தி புதிரில் மட்டும் வாழ்வதும் அல்ல. ரெட்டிக்கு ஏழாண்டு முன்பே, 1914-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போட்டியில் ஜெர்மானிய வீரர் டாராஷுக்கு எதிராக அப்போதைய உலகச் சாம்பியன் எம்மானுவேல் லாஸ்கர் இதை ஆடிக் காட்டினார். தன் சிப்பாய்க்குத் துணை போவதுபோல ராஜாவை நகர்த்தினார். டாராஷ் அந்தச் சிப்பாயை வெட்டி முடிப்பதற்குள் ராஜாவைக் குறுக்கே திருப்பி, பலகையின் மறுபக்கத்துக் கறுப்புச் சிப்பாய்களை எட்டிவிட்டார். கைநழுவிப்போனதாகத் தெரிந்த அந்த ஆட்டம் டிராவில் முடிந்தது.