எம்.பி.வி. நார்மல் என்று லூபஸ் மாத்திரையை நிறுத்தாதீர்கள்

"டாக்டர், எம்.பி.வி. நார்மலுக்கு வந்திடுச்சு. நோய் அடங்கிடுச்சுன்னு நினைச்சு மாத்திரையை விட்டுட்டேன்."

இதைச் சொன்ன பெண்ணுக்கு இருபதுகளில் வயது. இரண்டு கால்களும் வீங்கி, காலையில் கண்ணிமை கனத்து வந்திருந்தார். சிறுநீரில் புரதம் கொட்டிக்கொண்டிருந்தது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் லூபஸ் நோய் சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டது. ரத்த ரிப்போர்ட்டில் வரும் எம்.பி.வி. என்ற தட்டணு (பிளேட்லெட்) பருமன் எண்ணை வைத்து நோயை அளக்கலாம் என்று அவருக்கு யார் சொன்னது? ஒரு வீடியோ. அதற்கு முந்தைய வாரம் வந்தவர் இதற்கு நேர் எதிர். மூட்டு வலி இல்லை, தோலில் படை இல்லை, சிறுநீர் சுத்தம். ஆனால் எம்.பி.வி. 12.6 என்று வந்து பக்கத்தில் தடித்த 'எச்' (ஹை, அதாவது அதிகம்) போட்டிருந்ததால், வீட்டில் மிச்சமிருந்த ஸ்டீராய்டு மாத்திரையைத் தானாகவே ஆரம்பித்துவிட்டார். இருவரும் படித்தவர்கள். இருவரிடமும் இருந்தது ஒரே நம்பிக்கை: தட்டணு பெருத்தால் லூபஸ் பெருக்கிறது, தட்டணு சிறுத்தால் லூபஸ் சிறுக்கிறது.

அப்படி ஒரு கணக்கு இல்லவே இல்லை.

எம்.பி.வி. என்பது தட்டணுக்களின், அதாவது பிளேட்லெட்டுகளின், சராசரிப் பருமன். ஃபெம்டோலிட்டரில் சொல்வார்கள். ஏறக்குறைய 7-க்கும் 12-க்கும் நடுவில் இருந்தால் நார்மல் என்பார்கள், ஆனால் இந்த எல்லை லேபுக்கு லேப் மாறும். சி.பி.சி. என்ற ரத்த அணு எண்ணிக்கைப் பரிசோதனையை ஓட்டும் மெஷின் கேட்காமலே இதையும் அச்சடித்துக் கொடுக்கும். யாரும் தனியாக எழுதிக் கொடுக்கும் பரிசோதனை அல்ல. அவ்வளவுதான் அதன் வரலாறு.

இந்த எண்ணை ஏன் அப்படியே நம்பக் கூடாது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது.

சி.பி.சி.க்கு ரத்தம் எடுக்கும் ஊதா மூடி டியூபில் ஈ.டி.டி.ஏ. என்ற உப்பு இருக்கிறது. ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. கூடவே அது தட்டணுக்களை உப்பவும் வைக்கும். உடம்புக்குள் தட்டையாக ஓடுகிறவை டியூபுக்குள் உருண்டையாகிவிடுகின்றன. முதல் ஓரிரு மணி நேரத்திலேயே இது நடக்கிறது, அதன் பிறகும் மெதுவாகக் கூடுகிறது. இப்போது நம் ஊர் நடைமுறையை யோசியுங்கள். காலை ஆறரைக்கு வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கும் தம்பி, இன்னும் நாலு வீடு முடித்து, கலெக்‌ஷன் சென்டரில் கொடுத்து, அங்கிருந்து வண்டியில் ஏறி மெயின் லேபுக்குப் போய், மெஷினில் ஓடும்போது மதியம் ஆகிவிடும். போன மாதம் ஆஸ்பத்திரி லேபில் எடுத்தீர்கள், அரைமணி நேரத்தில் ஓட்டிவிட்டார்கள். அப்போது 9.8, இப்போது 11.9. உங்கள் நோய் ஒரு அங்குலம் கூட நகரவில்லை. ஊறிய கொண்டைக்கடலையைக் கையில் எடுத்து, இந்த வருஷம் விளைச்சல் நல்ல பருமன் என்று சொல்வது போலத்தான் இது.

மெஷினுக்கு மெஷினும் எண் மாறும். மின்தடையை வைத்து அளக்கும் மெஷின் ஒன்று சொல்லும், ஒளிச்சிதறலை வைத்து அளக்கும் மெஷின் வேறொன்று சொல்லும். ஆகவே இரண்டு லேபுகளின் எம்.பி.வி.யைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஏறியதா இறங்கியதா என்று பார்ப்பதில் அர்த்தமே கிடையாது. எக்செல் ஷீட்டில் வரைபடம் போட்டு எடுத்து வருகிறார்கள் சிலர். அந்த உழைப்பைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

சரி, டாக்டர்கள் இதை ஆராயவே இல்லையா? ஆராய்ந்திருக்கிறார்கள். அங்கேதான் குழப்பமே. பெரியவர்களிடம் செய்த சில ஆய்வுகளில், லூபஸ் தீவிரமாக இருக்கும்போது எம்.பி.வி. குறைந்திருந்தது. அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். ஏற ஏற அது இறங்கியது. குழந்தைகளிடம் செய்தது உட்பட வேறு சில ஆய்வுகளில் தீவிர நோயில் எம்.பி.வி. கூடியிருந்தது. இரண்டுக்கும் காரணம் சொல்ல முடியும். அழற்சி உள்ள இடங்களில் பெரிய, துடிப்பான தட்டணுக்கள் செலவழிந்துபோனால் மிச்சமிருப்பவை சிறியவை, சராசரி இறங்கும். எதிர்ப்புப் புரதங்கள் (ஆன்டிபாடிகள்) தட்டணுக்களை அழித்து, எலும்பு மஜ்ஜை அவசரமாகப் புதியவற்றை அனுப்பினால், இளசுகள் பெரியவை, சராசரி ஏறும். இவை இரண்டும் ஒரே நோயாளிக்கு ஒரே வாரத்தில் நடக்கலாம். அப்போது கிடைக்கும் சராசரி எதைச் சொல்லும்? ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒரே ஆஸ்பத்திரியில், கொஞ்சப் பேரை வைத்துச் செய்தவை. போதாததற்கு முடக்குவாதம், குடல் அழற்சி, சர்க்கரை நோய், மாரடைப்பு எல்லாவற்றிலும் இந்த எண் மாறுகிறது. லூபஸுக்கென்று தனியாக அது எதையும் சொல்வதில்லை.

இந்த ஆய்வுகள்மேல் எனக்குக் கோபமில்லை. எம்.பி.வி. மேல் ஏன் ஆசை வருகிறது என்பதும் புரிகிறது. லூபஸின் தீவிரத்தை அறியப் பார்க்கும் சி3, சி4, டி.எஸ்.டி.என்.ஏ. எதிர்ப்புப் புரதம் போன்ற ரத்தப் பரிசோதனைகள் எல்லாம் காசு பிடிக்கும். சிறிய ஊர்களில் சாம்பிளே சென்னைக்கோ மும்பைக்கோ போய்த்தான் வர வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் ஒரு எண் அந்த வேலையைச் செய்தால் யாருக்குத்தான் பிடிக்காது? நாளைக்கு வேறு அளவீடுகளோடு சேர்ந்து அதற்கு ஓர் இடம் கிடைக்கலாம். இன்றைக்கு இல்லை. லூபஸை வகைப்படுத்த ஐரோப்பிய, அமெரிக்க மூட்டுநோய் மருத்துவ அமைப்புகள் 2019-இல் சேர்ந்து வெளியிட்ட விதிகளில் தட்டணு எண்ணிக்கை 1 லட்சத்துக்குக் கீழே போனால் 4 மதிப்பெண் உண்டு. தட்டணுவின் பருமனுக்கு ஒரு மதிப்பெண்ணும் கிடையாது. (ஏ.என்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் என்பது அந்த விதிகளில் நுழைவுச்சீட்டு மட்டுமே, அதை வைத்து லூபஸ் என்று முடிவுகட்டி அழுதுகொண்டு வருபவர்களுக்குத் தனியாக ஒரு கட்டுரை எழுத வேண்டும்.)

பிறகு நாங்கள் எம்.பி.வி.யைப் பார்ப்பதே இல்லையா என்றால், பார்ப்போம். எண்ணிக்கை குறைந்திருக்கும்போது. தட்டணு 60,000, எம்.பி.வி. கூடுதல் என்றால், மஜ்ஜை வேலை செய்கிறது, வெளியே அழிகிறது என்று ஒரு சந்தேகம். 60,000, எம்.பி.வி.யும் குறைவு என்றால், அசாத்தியோப்ரின், சைக்ளோபாஸ்பமைடு போன்ற மருந்து மஜ்ஜையை அமுக்குகிறதா என்று யோசிப்போம். அதுவும் துப்பு மட்டும்தான், தீர்ப்பு அல்ல. ஸ்லைடில் ரத்தத்தைத் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் அடுத்த பேச்சு.

தட்டணு குறைந்தது என்றதும் பப்பாளி இலைச் சாறு குடிக்க ஆரம்பிப்பவர்களுக்கு: உங்களுக்கு வந்திருப்பது டெங்கு அல்ல. டெங்குவில் எண்ணிக்கை சில நாளில் தானே ஏறும், சாறு பெயர் வாங்கிக்கொள்ளும். லூபஸில் உங்கள் எதிர்ப்புச் சக்தியே தட்டணுக்களை அழிக்கிறது. அதை அடக்காமல் எதைக் குடித்தும் பயனில்லை, நாள்தான் போகும்.

இன்னொன்று, இது ஆபத்தானது. லூபஸ் உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்புப் புரதம் இருக்கும். அவர்களுக்குத் தட்டணு குறையும், அதே சமயம் ரத்தக் குழாயில் ரத்தம் கட்டும். "கவுன்ட் கம்மியா இருக்கு, ரத்தம் தண்ணியா இருக்கும்" என்று ஆஸ்பிரினையோ வார்ஃபரினையோ நீங்களாக நிறுத்தினால் பக்கவாதத்தில் போய் நிற்கும். எந்த எண்ணிக்கையில் எதை நிறுத்துவது என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

நீங்கள் கவனிக்க வேண்டியது சிறுநீரை. லூபஸ் சிறுநீரகத்தைத் தாக்கும்போது ஆரம்பத்தில் வலிக்காது, எதுவும் தெரியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிறுநீரில் புரதம்-கிரியாட்டினின் விகிதம் பாருங்கள். விலையும் அதிகமில்லை. ரத்த அழுத்தம் பாருங்கள். நுரைத்த சிறுநீர், காலையில் முகவீக்கம், ஈறில் ரத்தம், காலில் செம்புள்ளி, மாதவிலக்கில் அளவுக்கு மீறிய போக்கு, ஒரு கால் மட்டும் வீங்குவது, இவற்றில் எது வந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள், அன்றே வாருங்கள்.

எச்.சி.க்யூ., அதாவது ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், மாத்திரையை விடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். உடம்பு நன்றாக இருப்பதற்கே அந்த மாத்திரைதான் காரணம். கண்ணைப் பாதிக்கும் என்று பயந்து நிறுத்துகிறவர்கள் அதிகம். எடைக்கேற்ற அளவில், கிலோவுக்கு ஒரு நாளைக்கு 5 மில்லிகிராமுக்கு மிகாமல் சாப்பிட்டு, தொடங்கும்போது ஒருமுறையும் ஐந்து வருடத்துக்குப் பின் வருடாவருடமும் கண் பரிசோதனை செய்தால் போதும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அதற்கு முன்பே. கர்ப்பமாகிவிட்டோம் என்று நிறுத்துகிறீர்கள், மாமியார் நிறுத்தச் சொன்னார் என்று நிறுத்துகிறீர்கள். கர்ப்பத்தில் நிறுத்தவே கூடாத மாத்திரை அது. ஸ்டீராய்டைத் திடீரென்று தொடங்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோபெனாக் உங்கள் சிறுநீரகத்துக்கு எதிரி. வெயிலில் போனால் குடை.

கடைசியாக லேப் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரத்தம் எடுத்த நேரத்தையும் மெஷினில் ஓட்டிய நேரத்தையும் ரிப்போர்ட்டில் அச்சிடுங்கள். தட்டணு 1 லட்சத்துக்குக் கீழே வந்தால் ஸ்லைடு பார்க்காமல் நோயாளிக்கு வாட்ஸாப்பில் தட்டிவிடாதீர்கள். ஈ.டி.டி.ஏ.வில் தட்டணுக்கள் கொத்தாக ஒட்டிக்கொண்டதால் மெஷின் குறைத்து எண்ணியிருக்கலாம். அப்படியென்றால் நீல மூடி சிட்ரேட் டியூபில் திரும்ப எடுங்கள், வரும் எண்ணை 1.1-ஆல் பெருக்கிப் போடுங்கள்.