பழைய பென்ஸும் உப்புத் தண்ணீரும்

வேலூரில் மே மாத வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கம். அப்படியொரு கத்திரி வெயில் நண்பகலில், 25 ஆண்டுகளைக் கடந்த பென்ஸ் கார் ஒன்று கிரீன் சர்க்கிள் நெரிசலில் சிக்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் சிலிண்டருக்குள் ஒவ்வொரு முறை பெட்ரோல் எரியும்போதும் வாயுவின் வெப்பநிலை ஒரு கணம் 2,000 டிகிரியைக் கடக்கிறது. அங்கிருந்து சில மில்லிமீட்டர் தள்ளி, உலோகச் சுவருக்கு அப்பால் ஓடும் நீரோ 90 டிகிரியை ஒட்டியே இருந்தாக வேண்டும். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே காவல் நிற்பது குளிர்விப்பு அமைப்பு. பழைய சொகுசுக் காரை வீட்டிலேயே வைத்துப் பேண நினைப்பவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியதும் அதுவே என்பது என் உறுதியான கருத்து.

மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் 1995இல் புனேயில் கார் தயாரிப்பைத் தொடங்கியபோது முதலில் வெளிவந்தது டபிள்யூ 124 என்னும் வரிசை. காட்பாடியில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் நிற்கும் ஈ 220 அந்த வரிசையைச் சேர்ந்தது. இத்தகைய கார்களின் விலை காலப்போக்கில் இறங்கிவிட்டது. உதிரி பாகங்களின் விலை அப்படி இறங்கவில்லை. வாங்க வருபவர்கள் இருக்கையின் தோலைத் தடவிப் பார்க்கிறார்கள், கியர் விழும் ஓசையைக் கேட்கிறார்கள், பெயின்ட்டைச் சாய்ந்து பார்க்கிறார்கள். இத்தனை ஆண்டுகள் ரேடியேட்டரில் எந்தத் தண்ணீர் ஊற்றப்பட்டது என்று கேட்பவரை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். நம் வட்டாரத்தில் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

எரிபொருளில் அடங்கியுள்ள ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் காரை நகர்த்தும் வேலையாக மாறுகிறது. இன்னொரு பங்கு புகையோடு வெளியேறிவிட, எஞ்சியதில் பெரும்பகுதி எஞ்சினைச் சுற்றி ஓடும் நீரில் வந்து சேர்கிறது. பெல்ட்டால் சுழலும் வாட்டர் பம்ப் அந்த நீரை எஞ்சின் உடலுக்குள்ளும், சிலிண்டர்களை மேலிருந்து மூடும் ஹெட்டுக்குள்ளும் தள்ளி, மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டருக்கு அனுப்புகிறது. அங்கே மெல்லிய அலுமினியக் குழாய்களுக்கு இடையே புகும் காற்று வெப்பத்தை வாங்கிக்கொள்ள, ஆறிய நீர் கீழ் ஹோஸ் வழியாகத் திரும்புகிறது.

இந்தச் சுற்று மூடப்பட்ட சுற்று என்பது முக்கியம். பிரஷர் குக்கரில் நீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 120 டிகிரி வரை செல்வதைப் போலவே, ரேடியேட்டர் அமைப்பின் மூடியும் அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. டபிள்யூ 124 காரின் மூடி வெளிக்காற்றைவிட 1.4 பார் கூடுதல் அழுத்தம் வரை தாங்கும். அந்த அழுத்தத்தில் வெறும் நீரே சுமார் 126 டிகிரியில்தான் கொதிக்கும், கூலன்ட் என்னும் குளிர்விப்புத் திரவத்தைப் பாதிக்குப் பாதி கலந்தால் 130 டிகிரிக்கும் மேல். மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்துவிட்டால் இந்தக் கூடுதல் இடைவெளி முழுவதும் பறிபோகிறது. சூடான எஞ்சினின் மூடியைத் திறக்கக் கூடாது என்பதன் காரணமும் இங்கேதான் இருக்கிறது. 115 டிகிரியில் அழுத்தத்துக்குள் அடங்கியிருக்கும் ஒரு லிட்டர் நீரைத் திடீரெனத் திறந்துவிட்டால், அதில் சுமார் 28 கிராம் அக்கணமே ஆவியாகும். எடையில் அது மிகச் சிறிது. ஆனால் அந்த ஆவி விரியும் அளவு 45 லிட்டருக்கும் மேல். மீதி நீரையும் இழுத்துக்கொண்டு அது முகத்தை நோக்கி வரும். ஆகவே மூடியில் கை வெறுமனே படும் அளவுக்கு எஞ்சின் ஆறும் வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியே கிடையாது.

அடுத்தது, ரேடியேட்டருக்குப் போகும் நீர்வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட். உள்ளங்கையில் அடங்கும் இந்தப் பித்தளைப் பொருளைப் போல நம் ஊரில் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட பாகம் வேறில்லை. அதன் நடுவில் உள்ள சிறு குப்பியில் மெழுகு அடைக்கப்பட்டிருக்கிறது. காரைப் பொறுத்து 80 முதல் 90 டிகிரிக்குள் அந்த மெழுகு உருகி விரிந்து ஒரு தண்டைத் தள்ள, வால்வு திறக்கிறது. நீர் ஆறினால் மெழுகு சுருங்கி, ஸ்பிரிங் வால்வை மூடிவிடுகிறது. மின்சாரமோ கணினியோ தேவைப்படாத இந்த ஏற்பாடு 1930களிலிருந்து வழக்கில் இருக்கிறது. “நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார், கழட்டிப் போட்டுடலாம்” என்று பட்டறைகளில் சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். நானும் ஒருமுறை கேட்டுத் தலையாட்டினேன்.

அதன் பலனை ஏலகிரி மலைப்பாதையில் கண்டேன். தமிழ்ப் புலவர்களின் பெயர் தாங்கிய 14 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட பாதை அது. வேகம் குறைவு, சுமை அதிகம், முன்னாலிருந்து வரும் காற்றும் சொற்பம். பாதி வளைவுகளைக் கடப்பதற்குள் வெப்பமானியின் ஊசி சிவப்புக் கோட்டை நெருங்கிவிட்டது. தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் குளிர்ந்துதானே இருக்க வேண்டும் என்ற எண்ணம் ஏன் பொய்த்தது? இந்த வகைத் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு தட்டுகள் உண்டு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நீர் ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிவர ஒரு குறுக்குவழி இருக்கிறது. மேல் தட்டு ரேடியேட்டர் வழியைத் திறக்கும் அதே அசைவில், கீழ்த் தட்டு அந்தக் குறுக்குவழியை அடைக்கிறது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தால் குறுக்குவழி எப்போதும் திறந்தே கிடக்கும். நீரில் ஒரு பகுதி ரேடியேட்டரைப் பார்க்காமலேயே சூட்டோடு சூடாக எஞ்சினுக்குத் திரும்பும். சமவெளியில் நிதானமாக ஓட்டும்போது இது வெளியே தெரியாது. மலையேற்றம்தான் அதைக் காட்டிக்கொடுக்கிறது.

அன்று வண்டியை ஓரங்கட்டி, ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் திறந்துவிட்டதால் தப்பித்தோம். ஹீட்டர் என்பது டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் இன்னொரு சிறிய ரேடியேட்டர். உள்ளே இருப்பவர்களுக்கு வியர்த்துக் கொட்டினாலும் எஞ்சினுக்கு அது உதவும். தப்பாமல் போயிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை உலோகவியல் சொல்கிறது. இந்த எஞ்சினின் உடல் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். அரை மீட்டர் நீள அலுமினியம் 100 டிகிரி சூடேறினால் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நீளும். இரும்பு அதில் பாதி அளவே நீளும். இந்த இழுபறியை, இரண்டுக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் என்னும் மெல்லிய தகடு அளவோடு தாங்கிக்கொள்கிறது. அளவு மீறினால் ஹெட் கோணுகிறது, கேஸ்கெட் விட்டுக்கொடுக்கிறது.

புதிய தெர்மோஸ்டாட்டை மாட்டும் முன் அடுப்படியிலேயே சோதித்துவிடலாம். ஒரு பாத்திரத்து நீரில், அடியைத் தொடாமல் நூலில் கட்டித் தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு வெப்பமானியையும் வைத்துச் சூடேற்றினால், எந்த வெப்பநிலையில் வால்வு திறக்கத் தொடங்குகிறது என்பது கண்ணுக்கே தெரியும். பாத்திரத்தை மட்டும் மறுபடி சமையலுக்கு எடுக்காதீர்கள்.

இனி தண்ணீருக்கு வருகிறேன். வேலூரைப் பற்றிச் சொல்லும் பழைய வழக்கில் “நீரில்லாத ஆறு” என்று ஒரு பங்கு உண்டு. பாலாறு வறண்டு கிடக்க, நாம் ஆழ்துளைக் கிணறுகளை நம்பினோம். அந்த நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடு பட்டதும் சிதைந்து, கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றிவிட்டுக் கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. வெந்நீர் அண்டாவின் அடியிலும் கீசர் காயிலிலும் நாம் சுரண்டி எடுக்கும் வெள்ளைப் பொருக்கு இதுதான். சர்க்கரையும் சாப்பாட்டு உப்பும் சூட்டில் கூடுதலாகக் கரையும். கால்சியம் கார்பனேட்டோ சூடு ஏற ஏறக் குறைவாகக் கரையும். ஆகவே அது எஞ்சினுக்குள் எங்கே சூடு மிகுதியோ, அதாவது புகை வால்வுகளைச் சுற்றியுள்ள குறுகிய வழிகளில், தேடிப் பிடித்துப் படிகிறது. வெப்பத்தைத் தடுப்பதில் ஒரு மில்லிமீட்டர் பொருக்கு 20 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட வார்ப்பிரும்புக்கு ஈடாகும்.

எவ்வளவு படியும் என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். 600 உள்ள நீரை 9 லிட்டர் ஊற்றினால் அதில் இருப்பது ஐந்தரை கிராமுக்கும் குறைவு. அதோடு நின்றுவிட்டால் பெரிய கேடில்லை. ஆனால் சிறிது கசியும் காரில் வாரம் ஒரு லிட்டர் என்று ஊற்றிக்கொண்டே இருந்தால், ஓர் ஆண்டில் 31 கிராம் உள்ளே போய்விடுகிறது. கசிந்து போவதும் ஆவியாகிப் போவதும் பெரும்பாலும் நீர்தான். அது கொண்டுவந்த சுண்ணாம்பில் பெரும்பகுதி உள்ளேயே தங்கிவிடுகிறது. கசிவைச் சரிசெய்யாமல் தண்ணீர் ஊற்றி ஓட்டுவதே உண்மையான குற்றவாளி.

பொருக்கைவிடக் கொடியது குளோரைடு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோல் தொழிலில் பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்பிட்டு வைக்கிறார்கள். அந்த உப்பைக் கழுவிய நீர் பல்லாண்டுகள் பாலாற்றுப் படுகையில் இறங்கியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இந்தச் சீர்கேட்டைப் பற்றியதே. குளோரைடு மிகுந்த நீர் ரேடியேட்டருக்குள் போனால், அலுமினியத்தின் மேல் இயல்பாகவே உருவாகிக் காக்கும் மெல்லிய ஆக்சைடு படலத்தை அங்கங்கே துளைக்கிறது. துளை விழுந்த இடத்தில் அரிப்பு பக்கவாட்டில் பரவாமல் ஆழமாக இறங்கும். இரும்பும் அலுமினியமும் ஒரே உப்பு நீரில் நனைந்திருப்பது ஒரு மின்கலத்தைப் போல வேலை செய்து அதை இன்னும் விரைவாக்கும். வெளியே பளபளக்கும் ரேடியேட்டர் ஒருநாள் ஊசிமுனைத் துளையில் நீரைக் கசியவிடும்.

ஆகவே பேட்டரிக் கடைகளில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரையும், காரின் கையேடு சொல்லும் வகைக் கூலன்ட்டையும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுவதே முறை. கூலன்ட்டில் பெரும்பகுதி எத்திலீன் கிளைக்கால். உறையாமல் காப்பது அதன் வேலை என்று குளிர்நாடுகளில் சொல்வார்கள். நமக்கு வேண்டியது அதனுடன் கலந்துள்ள அரிப்புத் தடுப்பான்கள். அவை உலோகத்தின் மேல் படலமாகப் படிந்து காக்கின்றன, காக்கும்போதே செலவழிந்தும் போகின்றன. கிளைக்காலும் சூட்டில் மெல்ல ஆக்சிஜனேற்றம் அடைந்து அமிலமாகிறது. பழைய வகைக் கூலன்ட்டை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வதன் காரணம் இதுதான். நிறம் மங்கவில்லை என்பது ஆறுதல் அல்ல, நிறம் வெறும் சாயம்.

ஏற்கெனவே பொருக்கு படிந்த எஞ்சினை எலுமிச்சை உப்பால், அதாவது சிட்ரிக் அமிலத்தால், கழுவலாம். லிட்டருக்கு 100 கிராமைத் தாண்டாமல் கரைத்து ஊற்றி, எஞ்சினை வழக்கமான சூட்டுக்குக் கொண்டுவந்து கால்மணி நேரம் ஓடவிட்டு, ஆறிய பின் வடித்துவிட வேண்டும். கார்பனேட் கரைந்து கால்சியம் சிட்ரேட்டாகிறது. அதுவும் நீரில் எளிதில் கரையாதது என்பதால் வடியும் நீர் தெளியும் வரை மூன்று நான்கு முறை அலச வேண்டும். இரவு முழுக்க ஊறவைத்தால் அமிலம் அலுமினியத்தையே தின்னத் தொடங்கும். வடிக்கும்போது ரேடியேட்டர் அடித்திருகோடு நிற்காமல் எஞ்சின் உடலில் உள்ள திருகையும் திறக்க வேண்டும். இல்லையென்றால் பழைய நீரில் பாதி உள்ளேயே இருக்கும். ஓர் எச்சரிக்கையும் உண்டு. சில பழைய ரேடியேட்டர்களில் துளையை அடைத்துக்கொண்டிருப்பதே அந்தப் பொருக்குதான். அதைக் கரைத்ததும் கசிவு தொடங்கினால் கழுவியதன் பிழை அல்ல.

ரேடியேட்டரின் இரு பக்கத் தொட்டிகள் கண்ணாடி இழை கலந்த நைலானால் ஆனவை. சூடான கிளைக்கால் நீர் அந்த நைலானின் மூலக்கூறுச் சங்கிலிகளை ஆண்டுக்கணக்கில் அறுத்து வருகிறது. மேல் ஹோஸ் மாட்டும் கழுத்தில் நிறம் வெளுத்து நுண்ணிய விரிசல்கள் தெரிந்தால், அதை ஒட்டுப்போட்டு ஓட்ட வேண்டாம். நெடுஞ்சாலையில் அது கழுத்தோடு முறியும். ஹோஸை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கிளாம்பை ஒட்டிய முனையில் இரு விரலால் அழுத்திப் பாருங்கள். நடுப்பகுதியைவிட முனை தொளதொளத்தால் உள்பக்கம் வெடிப்பு விட்டிருக்கிறது என்று பொருள்.

புது நீரை மெல்ல ஊற்றி, ஹீட்டரைத் திறந்து வைத்து, மூடியில்லாமல் எஞ்சினை ஓடவிட்டால் உள்ளே சிக்கிய காற்றுக் குமிழ்கள் வெளியேறும். தெர்மோஸ்டாட் திறந்து மேல் ஹோஸ் சூடேறத் தொடங்கியதும் மட்டத்தைச் சரிசெய்து மூடிவிடலாம். வடித்த பழைய நீரைத் தெருவிலோ சாக்கடையிலோ கொட்டக் கூடாது. எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும். தெருநாயும் ஆடும் நக்கிக் குடிக்கும், சிறுநீரகம் செயலிழந்து சாகும். குழந்தைகளுக்கும் அதே ஆபத்து. புதுக் கூலன்ட் வந்த கேனிலேயே அதை நிரப்பி, மேலே எழுதி ஒட்டி, எட்டாத இடத்தில் வைத்திருந்து கழிவு எண்ணெய் எடுப்பவரிடம் கேட்டுக் கொடுக்கலாம்.

எங்கள் கொட்டகைச் சுவரில் ஒரு தாள் தொங்குகிறது. நீர் மாற்றிய தேதி, ஓடிய கிலோமீட்டர், இடையில் எத்தனை மில்லிலிட்டர் சேர்த்தோம் என்ற மூன்றை மட்டும் அதில் எழுதுகிறோம். தரையில் ஈரம் இல்லாமலேயே மட்டம் இறங்கிக்கொண்டிருந்தால் நீர் சிலிண்டருக்குள் போகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். அப்போது இரவு முழுக்கக் குளிர்ந்த எஞ்சினைக் காலையில் கிளப்பி, மேல் ஹோஸைப் பிடித்துப் பார்ப்பேன். நீர் சூடேறும் முன்பே, முதல் ஒரு நிமிடத்திலேயே ஹோஸ் கல்லாக இறுகினால், சிலிண்டரின் வாயு கேஸ்கெட்டைத் தாண்டி நீருக்குள் புகுந்துவிட்டது. அங்கே வீட்டு வேலை முடிகிறது. ஹெட்டைக் கழற்றி மட்டம் பார்க்க லேத் உள்ள பட்டறைக்கு, சொந்தமாக ஓட்டிச் செல்லாமல், கட்டி இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும்.