முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு

நம் கத்தோலிக்கப் பங்குகளில் ஒருவரோடொருவர் பழகுவதற்குக் குறைவே இல்லை. அரிசிப்பாளையம் குழந்தை இயேசு பேராலயமாகட்டும், மலைமேல் ஏற்காட்டுக் கோயிலாகட்டும், ஞாயிறு பூசை முடிந்ததும் வாசலில் நின்று நாலு வார்த்தை பேசாமல் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. மகளுக்கு வரன் அமைந்ததா, பையனுக்கு எந்த காலேஜ் கிடைத்தது, எல்லா விசாரிப்பும் அங்கேதான். நல்ல வழக்கம், அது தொடர வேண்டும். ஆனால் சேலத்தில் மனநல ஆலோசகராக வேலை பார்க்கும் என்னிடம் வருகிற கிறிஸ்தவர்களில் பலர், அந்த வாசலில் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். தெரிந்தவர்களாக இருந்துகொண்டே தனியாகிப் போனவர்கள்.

துக்க வீடுகளில் இதை அதிகம் பார்க்கிறேன். ஒரு சாவு விழுந்தால் பங்கே திரண்டு வரும். செபமாலை, சாப்பாடு, கல்லறை வேலை எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கும். முப்பதாம் நாள் பூசையோடு எல்லாம் நின்றுவிடும். துக்கம் முழுக் கனத்தோடு இறங்குவது பெரும்பாலும் அதற்கு அப்புறம்தான். உறவினர்கள் ஊருக்குத் திரும்பியிருப்பார்கள். வாரிசுச் சான்றிதழுக்கும் பென்ஷனுக்கும் அலைச்சல் தொடங்கியிருக்கும். கணவரை இழந்த ஒரு பெண் சொன்னார் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்): “எப்படி இருக்கீங்கன்னு எல்லாரும் கேக்கறாங்க மேடம். நல்லா இருக்கேன்னு சொல்ற வரைக்கும்தான் நிக்கறாங்க.” பிறகு அவர் விடியற்காலைப் பூசைக்கு மாறிக்கொண்டார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, நன்மை (பூசையில் தரும் நற்கருணை அப்பம்) வாங்கியதும் கிளம்பிவிடுவார். பூசைக்கு வருகிறாரே, தேறிவிட்டார் என்றே பங்கில் நினைத்தார்கள்.

நட்பு தனக்குப் பிடித்தவர்களைத் தேடிப் போகும். ஒரே தெரு, ஒரே ஆபீஸ், சொல்லவே மனம் கசக்கிறது, ஒரே சாதி. நற்கருணைப் பந்தியில் பக்கத்தில் நிற்பவரை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. திருத்தூதர் பவுல் காலத்துக் கொரிந்து நகரத்துச் சபையாரும் ஒருவரையொருவர் அறியாதவர்களா என்ன? இருந்தும் ஆண்டவருடைய விருந்துக்குக் கூடியபோது வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டார்கள், இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். இதற்காகப் பவுல் அவர்களைக் கடுமையாகக் கண்டித்தார். கடைசியில் அவர் கேட்டது, ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்பதுதான். இரண்டாம் நூற்றாண்டில் புனித ஜஸ்டின் ஞாயிறு வழிபாட்டை விவரிக்கும்போது, வர முடியாதவர்களுக்குத் திருத்தொண்டர்கள் நற்கருணையைக் கொண்டுபோனதையும், காணிக்கை அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறையில் இருந்தவர்களுக்கும் போனதையும் எழுதுகிறார். இன்றைக்கு யார் வரவில்லை என்று தெரியாமல் இதையெல்லாம் செய்திருக்க முடியுமா?

ஏற்காட்டில் எஸ்டேட் வேலை பார்த்து ஓய்ந்த ஒரு பெரியவர். முழங்கால் போய்விட்டது, ஞாயிற்றுக்கிழமை டூரிஸ்ட் கூட்டத்தில் அவரால் பஸ் ஏற முடியாது. மாதா டிவியில் பூசை பார்ப்பார். நன்மை கொடுக்கும் நேரத்தில் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, 2020 ஊரடங்கில் கற்ற ஆன்மீக நற்கருணை செபத்தை மனப்பாடமாகச் சொன்னார். புனித அல்போன்ஸ் லிகோரியார் எழுதிய செபம் அது. நேரில் உட்கொள்ள முடியாதவர், ஆவியிலாவது என் உள்ளத்தில் வாரும் என்று ஆண்டவரை அழைப்பது. முடித்து உட்கார்ந்ததும் என்னிடம் கேட்டார்: “இன்னிக்கு நம்ம கோயில்ல முதல் வாசகம் யாரும்மா வாசிச்சாங்க?”

ஆண்டவரோடு ஒன்றிக்கிற ஆசையும் பங்கு மக்களோடு இருக்கிற ஆசையும் அவருக்கு ஒன்றாகவே இருந்தன. மாதத்தின் முதல் வெள்ளிக்கு, கோயிலுக்கு வர முடியாதவர்களின் வீட்டுக்கு நற்கருணை கொண்டுபோகிறவர்கள் அவசரமாகத் திரும்பிவிடாமல் கொஞ்ச நேரம் உட்காருங்கள். யார் வாசித்தார்கள், யாருக்குக் குழந்தை பிறந்தது, எல்லாம் சொல்லுங்கள்.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது. அன்பியக் கூட்டத்தில் (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கும் குழு) “அவங்க பையன் குடிக்கிறான், செபிச்சுக்கோங்க” என்று ஒருவர் சொல்கிறார். மறுநாள் அது தெருவெல்லாம் தெரிகிறது. அந்தக் குடும்பம் அதற்கப்புறம் அன்பியத்துக்கே வருவதில்லை. செபக் கருத்தில் பெயரும் விவரமும் வேண்டாம், கடவுளுக்குத் தெரியும். விவரம் சொல்லத்தான் வேண்டுமென்றால் சம்பந்தப்பட்டவரின் சம்மதம் வேண்டும்.

சரி, எப்போது கவலைப்பட வேண்டும்? வழக்கமான பூசை நேரத்தை மாற்றுகிறவர், பாடகர் குழுவிலிருந்து சொல்லாமல் நின்றவர், தூக்கமும் சாப்பாடும் குறைந்தவர், “நான் இருந்து என்ன ஆகப்போகுது” என்கிறவர். தற்கொலை பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம், நேராகவே கேளுங்கள். விசுவாசம் குறைந்துவிட்டது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரத்திலும் பேசலாம், கட்டணம் கிடையாது. சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போகச் சொல்லி அனுப்பிவிடாமல், பங்கிலிருந்து ஒருவர் கூடவே போய், ஓ.பி. சீட்டு வாங்கி, பெயர் கூப்பிடும் வரை பக்கத்தில் உட்காருங்கள்.